குளிப்பாட்டிக் கூட்டிப்போன காய்ச்சல்

மாலை காபி குடித்து முடித்த பிறகுதான் அது வரும். முதலில் முதுகில் யாரோ ஈரத்துணியைப் போட்டது போல ஒரு சில்லிப்பு. பிறகு இரண்டு தோள்களும் இறுகிவிடும். சட்டையைக் கழற்றக் கையைத் தூக்க முடியாது. விளக்கேற்றும் நேரத்தில் காய்ச்சல் நூற்றொன்றைத் தாண்டியிருக்கும். விடிவதற்கு முன்னால் வியர்த்துக் கொட்டி இறங்கிவிடும். காலையில் பனியனைப் பிழியலாம், அப்படி நனைந்திருக்கும். ஆனால் உடம்பு ஒன்றுமே நடக்காதது போலப் பச்சைப்பிள்ளை மாதிரி கிடக்கும். ஆடியில் தொடங்கியது. இப்போது மாசி. இன்னும் இதற்குப் பேர் வைக்கவில்லை.

பேர் வைத்த நோய்களைப் பற்றிப் படிக்க நிறையக் கிடைக்கிறது. பேர் கிடைக்காமல், தடித்த ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு, மருத்துவமனை வரிசையில் உட்கார்ந்திருப்பவர்களுக்குத்தான் எதுவும் கிடைப்பதில்லை. அவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் செய்த ஒரு காரியத்தை அவர்களும் செய்துகொண்டிருக்கலாம்.

எனக்கு வயது எழுபத்திரண்டு. ஜீயபுரத்துப் பக்கம் நெல்லும் வாழையும் போட்ட குடும்பம். நான் படித்துவிட்டுத் திருவெறும்பூரில் தொழிற்சாலை வேலைக்குப் போனேன். குழாய்களின் வெல்டிங்கைச் சோதித்து, ஒட்டுக்குள் எத்தனை ஓட்டை, எத்தனை விரிசல் என்று எண்ணிச் சொல்வது வேலை. எண்ணும் பழக்கம் அங்கிருந்து ஒட்டிக்கொண்டது. ஓய்வு பெற்றதும் ஸ்ரீரங்கத்தில் ஒரு அடுக்ககத்தில் வீடு வாங்கினோம். என் மனைவி வசந்தாவுக்குக் கோயில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று ஆசை. பக்கத்தில் இருந்தால் பார்வை போன பிறகும் போய்வரலாமே என்று அவள் அப்போதே கணக்குப் போட்டிருக்கிறாள்.

அவளுக்குக் கண்ணழுத்த நோய். கண்ணுக்குள் நீரின் அழுத்தம் கூடிக்கூடிப் பார்வை நரம்பைத் தின்றுவிடும். ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டே நடுவுக்கு வரும். இப்போது அவளுக்கு ஒரு கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரியும். இன்னொரு கண்ணில், குழாய்க்குள் கண்ணை வைத்துப் பார்ப்பது போல நடுவில் கொஞ்சம். சொட்டு மருந்து வேளை தவறாமல் விட்டால் அந்தக் கொஞ்சம் நிற்கும். விடுவது நான். சமையலில் உப்பும் புளியும் அவள் கை, அடுப்புத் தீயும் அரிவாள்மணையும் என் கை. காலையில் தாயார் சன்னதிக்கு அவள் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வருவாள். படி வந்தால் நான் சொல்ல வேண்டாம். என் தோள் ஏறுவதிலேயே தெரிந்துகொள்வாள்.

ஆகவே நான் படுத்தால் படுப்பது ஒரு ஆள் அல்ல.

முதல் டாக்டர் வைரஸ் என்றார். இரண்டாவது டாக்டர் டைபாய்டு, மலேரியா, டெங்கு, சிறுநீர், நெஞ்சுப் படம் என்று எல்லாவற்றையும் பார்த்தார். எல்லாம் சுத்தம். ஈஎஸ்ஆர் ஒன்றுதான் நூறுக்கு மேல் நின்றது. ரத்தத்தை ஒரு மெல்லிய குழாயில் நிறுத்திவைத்தால் சிவப்பணுக்கள் எவ்வளவு வேகமாக அடியில் இறங்குகின்றன என்று பார்ப்பதுதான் அந்தச் சோதனை. வேகமாக இறங்கினால் உடம்பில் எங்கோ ஏதோ வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். எங்கே, என்ன என்று அது சொல்லாது. எங்கள் தொழிற்சாலையில் அபாயச் சங்கு ஊதும். எந்தக் கொட்டகையில் என்று நாம்தான் ஓடிப் பார்க்க வேண்டும். அது போலத்தான்.

"வயசானவங்களுக்கு ஈஎஸ்ஆர் கொஞ்சம் கூடத்தான் சார் இருக்கும். மத்த ரிப்போர்ட் எல்லாம் நல்லா இருக்கு, சந்தோஷப்படுங்க" என்றார் அவர்.

நான் எழுதி வைத்திருந்த காய்ச்சல் அளவுகளைக் காட்டினேன். அவர் என் நாக்குக்கடியில் தெர்மாமீட்டரை வைத்தார். மாலை நேரம்தான், ஆனாலும் தொண்ணூற்றெட்டு சொச்சம். "வீட்டுத் தெர்மாமீட்டரை மாத்திப் பாருங்க" என்று சிரித்தார். மாற்றினேன். புதியதும் மாலையில் நூற்றொன்றைத்தான் காட்டியது.

மூன்றாவது டாக்டரின் காத்திருப்பு அறை இன்னும் கண்ணில் நிற்கிறது. நாற்பத்திரண்டு நாற்காலி, ஆறு மின்விசிறி, அதில் ஒன்று மட்டும் பேருக்குச் சுற்றியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் வாழை வியாபாரி.

"உங்களுக்கு என்னங்க?" என்றார்.

"தெரியலைங்க."

"தெரியாமயா வந்து உக்காந்திருக்கீங்க?"

"தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கேன்."

"எனக்குக் கிட்னியில கல்லுங்க. ஏழு எம்எம்" என்றார். சொன்ன விதத்தில் ஒரு பெருமை இருந்தது. எனக்குப் பொறாமையாக இருந்தது. அளந்து வைத்த கல்! இடம் தெரியும், சுற்றளவு தெரியும், எடுக்கும் நாள் தெரியும். எனக்கும் ஒரு கல்லைக் கொடுக்கக் கூடாதா என்று நான் மனசாரக் கேட்டுக்கொண்டேன்.

அன்று டாக்டர் என் ஃபைலைப் புரட்டிவிட்டு, "தூக்கம் எப்படி? வீட்டுல ஏதாவது கவலையா?" என்றார். இஸ்திரி போட்ட என் சட்டையையும், படியவாரிய தலையையும் பார்த்தார். "ஆளு நல்லாத்தானே இருக்கீங்க. ரிடையர் ஆனவங்களுக்கு மனசுல சுமை இருந்தா உடம்புல இப்படிக் காட்டும்" என்று ஒரு தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல இப்போது எனக்கு வாய் வரவில்லை. அன்று வீடு வரும் வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.

பெல்ட்டில் மூன்று துளை புதிதாகப் போட்டாயிற்று. மனச்சுமை இடுப்பை இப்படிக் கரைக்குமா?

தீபாவளிக்கு மகன் பாலு புனேயிலிருந்து வந்தான். மகள் செல்வி திருவெறும்பூரிலிருந்து வந்தாள். பிள்ளைகள் நல்லவர்கள். அதனால்தான் அவர்கள் பேசியது பயமாக இருந்தது. கெட்டவர்கள் சொன்னால் சண்டை போடலாம்.

"அப்பா, நான் சொல்றதக் கோவப்படாமக் கேளுங்க" என்றான் பாலு. "நீங்க விழுந்துட்டா அம்மாவால யாரையும் கூப்பிடக்கூட முடியாது. உங்கள நான் கூட்டிட்டுப் போறேன். அங்க பெரிய ஆஸ்பத்திரியெல்லாம் இருக்கு. அம்மா செல்வி வீட்ல இருக்கட்டும்."

"ரெண்டு பேரையும் ஒரே வீட்ல வச்சுக்கலாம்னா என் வீட்ல ஒரு ரூம்தான்பா, மாடி வேற" என்றாள் செல்வி. "அண்ணன் வீடு பதினோராவது மாடி. அம்மாவுக்குப் புது ஊர்ல ஒரு சுவரும் தெரியாது."

"எத்தனை நாளைக்கு?" என்று கேட்டேன்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பொங்கல் வரைக்கும் பாப்போம்பா. அதுக்குள்ள என்னன்னு தெரிஞ்சு வைத்தியம் ஆரம்பிச்சுட்டா இங்கயே இருங்க. இல்லேன்னா இப்படித்தான் செய்யணும்" என்றான் பாலு.

அதுவரை பேசாமல் உட்கார்ந்திருந்த வசந்தா, "வீட்டுச் சாமானைப் பிரிக்கறப்பகூடப் பானையையும் மூடியையும் ஒரே பக்கம்தான்டா வைப்பாங்க" என்றாள். பாலு தலையைக் குனிந்துகொண்டான். ஆனால் பேச்சை மாற்றிக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து எனக்கு நோயைவிட அதன் பேர் அவசரமாயிற்று. சாவைப் பற்றிக்கூட அவ்வளவு யோசிக்கவில்லை. செல்வி வீட்டு மாடிப்படியில் வசந்தா காலைத் துழாவிக்கொண்டு நிற்பதும், நான் ஏதோ ஒரு ஊரில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பதும்தான் கண்ணுக்குள் வந்தது.

செல்வி விசாரித்து நான்காவதாக ஒரு டாக்டரிடம் மாலை நேரத்துக்குப் பேர் பதிந்தாள். காரணம் பிடிபடாத காய்ச்சல்களைப் பொறுமையாகப் பார்ப்பவர் என்று சொன்னார்கள். அன்று மதியத்திலிருந்தே நான் தயாரானேன். சவரம் செய்தேன். காய்ச்சல் மாத்திரை ஒன்று போட்டேன், வரிசையில் உட்கார உடம்பில் தெம்பு வேண்டாமா? பச்சைத்தண்ணீரில் குளித்தேன். பவுடர் போட்டு, சட்டையை மாட்டிக்கொண்டிருந்தபோது கட்டிலில் உட்கார்ந்திருந்த வசந்தா கூப்பிட்டாள்.

"என்னங்க, இங்க வாங்க."

போனேன். கழுத்தில் கையை வைத்துப் பார்த்தாள்.

"இன்னைக்குச் சீக்கிரமே வந்துடுச்சு, சாப்பிட்டு எழுந்திருக்கறப்பவே அனலா இருந்துச்சு. இப்ப ஐஸ்பெட்டிக்குள்ள வச்சு எடுத்த மாதிரி இருக்கு. மாத்திரை போட்டீங்களா?"

"ஒண்ணே ஒண்ணு."

"தலைக்கும் ஊத்திக்கிட்டீங்க."

"டாக்டர்கிட்ட போறோமில்ல?"

"முன்னாடி மூணு பேர்கிட்டயும் இப்படித்தான் போனீங்களா?"

"பின்ன? அழுக்கு வேட்டியும் நாலு நாள் தாடியுமா போய் நிப்பாங்க? அவங்க படிச்சவங்க, நம்மளத் தொட்டுப் பாக்கறவங்க. சுத்தமாப் போறதுதான் மரியாதை."

அவள் கையை எடுக்கவில்லை.  பிறகு, "பிரைமர் அடிச்சு எடுத்துட்டுப் போயிருக்கீங்க" என்றாள்.

நான் கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

முப்பது வருஷம் நான் வீட்டுக்கு வந்து கத்திய கத்தல் அது. வெல்டிங்கைச் சோதனைக்குக் கொண்டுவரும்போது வெறும் இரும்பாகக் கொண்டுவர வேண்டும். சில பேர் இன்ஸ்பெக்டர் வருகிறாரே என்று தேய்த்து, துடைத்து, துருப்பிடிக்காமல் இருக்க அடிக்கும் முதல் பூச்சான பிரைமரையும் அடித்து, பளபளவென்று நிறுத்திவிடுவார்கள். கெட்ட எண்ணத்தில் அல்ல; மரியாதையில்தான். பூச்சுக்கு அடியில் விரிசல் மூடிக்கொள்ளும். "இதச் சுரண்டிட்டு வாய்யா, எனக்கு அழகு வேண்டாம், இரும்பு வேண்டும்" என்று எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்! அதை ஒவ்வொரு நாளும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து இவளிடம் சொல்லியிருக்கிறேன்.

"மூணு டாக்டரையும் திட்டினீங்களே, பூச்சுக்கு மேல டார்ச் அடிச்சா அவங்களுக்கு என்னங்க தெரியும்?" என்றாள். "எனக்கு உங்க சட்டையும் தெரியாது, தலை சீவுனதும் தெரியாது. கை வச்சா சூடு தெரியும். அவ்வளவுதான்."

அன்று போகவில்லை. செல்வி போனில் கோபப்பட்டாள். "நேரம் வாங்கறது எவ்வளவு கஷ்டம் தெரியுமாப்பா?" என்றாள். வேறு நாள் வாங்கினாள்.

அந்த நாள் வந்தபோது சவரம் இல்லை, குளியல் இல்லை, மாத்திரை இல்லை. தலையில் சீப்பு படவில்லை. முந்தின நாள் வேட்டி. தோளில் ஒரு துண்டு. மாடியிலிருந்து இறங்கக் கூசியது. கீழே பக்கத்து வீட்டுக்காரர் ஸ்கூட்டரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எங்க சார்? யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"எனக்குத்தான்."

"அடடா! பாத்தாலே தெரியுதே" என்றார்.

ஆடியிலிருந்து அன்று வரை ஒருவரும் என்னிடம் சொல்லாத வார்த்தை. ஆட்டோவில் ஏறி, காவிரிப் பாலம் தாண்டும் வரை அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நடுவில் குளிர் வந்தது. பல் கிட்டித்தது. வசந்தா தன் முந்தானையை என் மேல் போர்த்தினாள். கூட வந்த செல்வி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் "மனசுதான்பா" என்று சொன்னவள். என் கை நடுங்குவதை அவள் நேரில் பார்த்தது அன்றுதான் முதல் தடவை.

டாக்டர் நாற்பதைத் தாண்டாத பெண். தெர்மாமீட்டர் நூற்றிரண்டு காட்டியது. இன்னொன்றைக் கொண்டுவரச் சொல்லி மறுபடி பார்த்தார். அதுவும் நூற்றிரண்டு. எனக்குப் பரீட்சையில் தேறினது போல இருந்தது; வெட்கக்கேடு, ஆனால் அப்படித்தான் இருந்தது.

"தலை வாரலையா இன்னைக்கு?" என்று கேட்டார்.

"இவங்கதான் வேண்டாம்னாங்க" என்றேன். "வாரினா வலிக்கும்தான். பல்லைக் கடிச்சுக்கிட்டு வாரிப்பேன்."

அவர் பேனாவை வைத்துவிட்டார். "எங்க வலிக்கும்?"

காட்டினேன். நெற்றிப் பொட்டின் மேலே விரலால் மெதுவாகத் தடவினார். நான் நாற்காலியில் துள்ளிவிட்டேன்.

"சாப்பிடறப்ப தாடை வலிக்குதா?"

"பல்செட் சரியில்லைன்னு நினைச்சேன். ரெண்டு வாய் மென்னா நிறுத்தி நிறுத்தித்தான் சாப்பிடுவேன்."

"இதெல்லாம் முன்னாடி யார்கிட்டயும் சொல்லலையா சார்?"

"கேக்கலை. நானும் காய்ச்சலுக்கும் பல்லுக்கும் என்ன சம்பந்தம்னு விட்டுட்டேன்."

"இன்னைக்கே அட்மிட் ஆயிடுங்க" என்றார்.

வார்டில் இருந்த நாட்களைப் பற்றிச் சொல்ல அழகாக ஒன்றும் இல்லை. காய்ச்சல் ஏறும்போது இரண்டு கையிலிருந்தும் ரத்தம் எடுத்துப் பாட்டில்களில் விட்டார்கள். அதைச் சூடாக வைத்திருந்து கிருமி ஏதாவது முளைக்கிறதா என்று நாள்கணக்கில் பார்ப்பார்கள். முளைக்கவில்லை. ஸ்கேன் குழாய்க்குள் நுழைத்து எடுத்தார்கள். இடுப்பெலும்பில் ஊசியை இறக்கி மஜ்ஜை எடுத்தார்கள். மரத்துப்போக ஊசி போட்டுத்தான் செய்தார்கள். ஆனாலும் உறிஞ்சும்போது ஒரு வலி. எங்கள் ஊர்க் கிணற்றில் மோட்டார் காற்றை இழுக்கும்போது ஒரு சத்தம் வருமே, அது எலும்புக்குள் கேட்டால் எப்படி இருக்கும், அப்படி. மொத்தம் இருபத்து மூன்று குழாய் ரத்தம் போயிற்று. பக்கத்துக் கட்டிலில் இருந்தவரை ஒரு விடியற்காலையில் மூடி எடுத்துக்கொண்டு போனார்கள். அவருக்கு நோயின் பேர் தெரிந்திருந்தது. பேர் கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் வைத்திருந்த எண்ணம் அங்கே ஆட்டம் கண்டது.

வசந்தா வீட்டுக்குப் போக மறுத்துவிட்டாள். செல்வி பகலில் வேலைக்குப் போய்விட்டு, மாலையில் ரசம் சாதத்தைக் குழைய மசித்து, மெல்லாமலேயே விழுங்கும்படி கொண்டுவருவாள். மன்னிப்பு என்று வாயால் எதுவும் கேட்கவில்லை. டப்பாவைத் திறந்தால் சாதம் ஒரு பருக்கை தெரியாமல் கூழாக இருக்கும். அதற்கு எவ்வளவு நேரம் மசித்திருப்பாள் என்று எனக்குத் தெரியும்.

சொட்டு மருந்து வேளை வந்தால் வசந்தா என் கட்டில் ஓரத்தில் தலையைச் சாய்ப்பாள். கையில் குளுக்கோஸ் ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போதே நான் விடுவேன்.

"தாத்தா! அந்தக் கைய ஆட்டாதீங்க, லைன் கழண்டுடும்" என்று நர்ஸ் ஓடி வந்தாள். "குடுங்க, நான் விடறேன்."

"இவரு விட்டாத்தான் என் கண்ணு தொறக்கும்மா" என்றாள் வசந்தா.

"அப்ப உங்க கண்ணுக்கு நாங்க ஆகமாட்டோம். பாட்டி ரொம்பத்தான்!" என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே என் கைக்கு அடியில் தலையணையை நகர்த்தி வைத்தாள். அன்றிலிருந்து மருந்து வேளைக்கு அவளே வந்து என் கையைத் தாங்கிக்கொள்வாள்.

கடைசியில் டாக்டர் கட்டிலில் உட்கார்ந்து எங்கள் மூவருக்கும் சொன்னார். இரண்டு சந்தேகம். ஒன்று, எங்கோ ஒளிந்திருக்கும் காசநோய். இன்னொன்று, தலைக்குப் போகும் ரத்தக் குழாய்களின் சுவர் அழன்று வீங்கும் நோய். நம் பக்கம் அரிதாக வருவது. உடம்பின் காவல்படையே சொந்தக் குழாயைப் பகை என்று நினைத்துத் தாக்கும். கண்ணுக்குப் போகும் குழாய் அடைத்துக்கொண்டால் பார்வை போய்விடும். போனது பெரும்பாலும் திரும்பாது.

வசந்தாவின் கை கட்டில் கம்பியைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

"ரெண்டுக்கும் மருந்து கொடுத்துடுங்களேன் டாக்டர்" என்றாள் செல்வி.

"அதுதாம்மா சிக்கல். குழாய் நோய்க்கு ஸ்டீராய்டு கொடுக்கணும். காசநோய் இருந்து ஸ்டீராய்டு கொடுத்தா அது காட்டுத்தீ மாதிரி பரவிடும். அதனால நெத்திக் குழாய்ல ஒரு சின்னத் துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பறேன். மஜ்ஜையில காசக்கிருமி வளருதான்னு தெரிய இன்னும் பல வாரம் ஆகும். நெத்தித் துண்டோட முடிவு வர்ற வரைக்கும் காத்திருப்போம். ஆனா சார், ஒரு நிமிஷம் கண்ணு மங்கினாக்கூட, சரியாயிடும்னு இருக்காதீங்க. அப்படியே எழுந்து வந்துடுங்க."

துண்டு எடுத்து, தையல் போட்டு, வீட்டுக்கு அனுப்பினார்கள். காகிதத்தில் 'காரணம் அறியப்படாத காய்ச்சல்' என்று இருந்தது. காப்பீட்டுக்காரர்கள் இது என்ன நோய் என்று கேட்டுப் பாதிப் பணம்தான் கொடுத்தார்கள். மீதியைப் பாலு அனுப்பினான். எவ்வளவு என்று நான் கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கண்ணைச் சோதிக்க ஒரு வழி பண்ணினேன். எங்கள் மொட்டை மாடியிலிருந்து ராஜகோபுரம் தெரியும். உச்சியில் பதின்மூன்று கலசம். கண்புரை எடுத்த பிறகு எனக்குத் தூரப் பார்வை நன்றாகவே இருந்தது. காலை வெயில் படும்போது ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு, நடுக் கலசத்தில் பார்வையை நிறுத்தி, இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு என்று எண்ணுவேன். பிறகு மறுகண். இறங்கி வந்து, "பதிமூணு, பதிமூணு" என்பேன். வசந்தா "சரி" என்பாள். அதற்குப் பிறகுதான் அவளுக்குச் சொட்டு மருந்து.

மார்கழி கடைசி. துண்டின் முடிவு வரவில்லை. பாலு பொங்கலுக்கு வர டிக்கெட் எடுத்துவிட்டான். திரும்பிப் போகும் டிக்கெட்டில் இரண்டு இருக்கை. அன்று காலை வலக்கண்ணுக்குப் பன்னிரண்டு வந்தது.

பனி என்று நினைத்தேன். கண்ணாடியைத் துடைத்தேன். இடக்கண்ணால் பார்த்தேன்: பதின்மூன்று. வலக்கண்: பன்னிரண்டு. கிழக்கு ஓரத்துக் கலசம் இருந்த இடத்தில் ஈர விரலால் அழித்தது போல ஒரு மசமசப்பு.

மாடிப்படியில் நான் நின்ற நேரத்தை இங்கே மறைக்காமல் எழுத வேண்டும். இதைச் சொன்னால் பாலு கையில் ஆயுதம் கொடுத்தது போல ஆகும். பார்வையும் போகப்போகிற ஆளை எப்படி இங்கே விட்டு வைப்பான்? பொங்கல் கழியட்டும். அதற்குள் துண்டின் முடிவு வந்துவிடும். நாளைக்குப் பதின்மூன்றே தெரிந்தாலும் தெரியும். முகத்தைக் கழுவிக்கொண்டு, வழக்கம் போல 'பதிமூணு' என்று சொல்லிவிட்டால் என்ன? வீட்டுக்கு இறங்கி வந்து, முகம் கழுவக் குழாயைத் திறந்தேவிட்டேன்.

உள்ளேயிருந்து வசந்தா கேட்டாள். "என்னங்க, இவ்வளவு நேரம்?"

குழாயை மூடினேன்.

"வலது கண்ணுல பன்னெண்டு" என்றேன்.

அவள் எழுந்துவிட்டாள். "செருப்பைப் போடுங்க."

"சட்டை..."

"இருக்கறதே போதும். செருப்பைப் போடுங்கன்னா!"

லிப்டுக்குக் காத்திருக்கவில்லை. அன்று படிகளில் அவள்தான் முன்னால் இறங்கினாள். சுவரில் ஒரு கை, என் மணிக்கட்டில் ஒரு கை. பனியனோடு, துண்டைப் போர்த்திக்கொண்டு ஆட்டோவில் போனேன். டாக்டர் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே பேருக்காகக் காத்திருக்க முடியாது" என்று அப்போதே ஸ்டீராய்டை நரம்பில் ஏற்ற ஆரம்பித்தார். காசநோயாக இருந்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லித்தான் செய்தார். செல்வி கையெழுத்துப் போட்டாள்.

மறுநாள் மாலை காய்ச்சல் வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை. தோள் தூக்க வந்தது. நெற்றித் துண்டின் முடிவும் வந்தது: அழற்சி போலத் தெரிகிறது, உறுதியாகச் சொல்ல இயலவில்லை. அவ்வளவுதான். மஜ்ஜை இன்னும் ஏதோ ஒரு ஆய்வகத்தின் சூட்டில் இருக்கிறது.

பொங்கலன்று பாலு பேச்சை எடுத்தான். "அம்மா, இப்பவும் என்னன்னு தெரியலை. கண்ணு வேற. நாம பேசினது..."

"கேளுடா" என்றாள் வசந்தா. "உங்கப்பா உன் வீட்டுக்கு வந்தா தினம் குளிச்சுட்டு, ஷேவ் பண்ணிட்டு, ஜன்னல் பக்கம் உக்காந்துப்பாரு. நல்லா இருக்கேன்பாரு. நீயும் பாத்துட்டு ஆபீஸ் போயிடுவ. பன்னெண்டுன்னு உன்கிட்ட சொல்லவே மாட்டாரு. என்கிட்டயே சொல்ல யோசிச்சாரு. குழாய் தொறந்த சத்தம் எனக்குக் கேட்டுச்சு."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாலு போனை எடுத்து டிக்கெட்டைப் பார்த்தான். பிறகு, "சரிம்மா. பங்குனி வரைக்கும் பாப்போம்" என்றான். ஒரு டிக்கெட்டை ரத்து செய்தான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது என்று செல்வி பிறகு சொன்னாள்.

இப்போது மாத்திரையாகச் சாப்பிடும் ஸ்டீராய்டு என் முகத்தை ஊதவைத்திருக்கிறது. பார்க்கிறவர்கள் தேறிவிட்டீர்கள் என்கிறார்கள். சர்க்கரை ஏறியிருக்கிறது. அடியில் காசநோய் இருந்தால் இந்த மாத்திரைக்குக் கீழே அது வளர்ந்துகொண்டிருக்கும். அதை இந்த மாத்திரையே மூடியும் வைத்திருக்கும். இதுவும் ஒரு பிரைமர்தான். அதனால் மாலை காபிக்குப் பிறகு வசந்தா என் கழுத்தில் கை வைத்துப் பார்க்காமல் விளக்கேற்றுவதில்லை.

இன்று காலையும் மாடிக்குப் போய்விட்டு வந்தேன்.

"இடது பதிமூணு" என்றேன். "வலது பன்னெண்டு."

"கூடலையா?"

"கூடலை."

"குறையலையே?"

"குறையலை."

"சரி, வந்து மருந்து விடுங்க" என்று தலையைச் சாய்த்தாள்.